தொக்கி நிற்பவை

ஜெர்மன் கூட்டுச்சொற்களைக் கேலி செய்யும் படமொன்று ஆண்டுக்கு இருமுறையேனும் நம் குழுக்களில் வலம்வரும். இம்மாதமும் வந்துவிட்டது. கையுறையை ஜெர்மானியர் 'கைச்செருப்பு' என்கின்றனர். ஆமை அவர்களுக்குக் 'கேடயத் தேரை'. தைப்பவர் விரலில் மாட்டிக்கொள்ளும் உலோக உறை 'விரல்தொப்பி'. பல்லின் ஈறு 'பல்லிறைச்சி'. மின்விளக்கின் குமிழ் 'ஒளிர்பேரிக்காய்'. மருத்துவமனை 'நோயாளி வீடு'; அங்கே பணிபுரியும் செவிலி 'நோயாளிச் சகோதரி'. படத்தின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: இந்த மக்களுக்கு என்னதான் ஆயிற்று?

ஜெர்மன் இலக்கியம் என் ஆய்வுத்துறை. டெல்லியில் தொடக்கநிலை மாணவர்களுக்கு அம்மொழியைக் கற்பிப்பது பகுதிநேரப் பணி. எனவே அப்படம் எனக்கு ஒரே நாளில் ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்து சேர்கிறது. சிரிப்பதில் எனக்குத் தடையில்லை. வகுப்பில் நானே இச்சொற்களைக் காட்டிச் சிரிக்கவைப்பதுண்டு. ஆனால் அச்சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சற்றே ஆராய்ந்தால் நகைச்சுவைக்கு அப்பாற்பட்ட ஓரிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. அதை எழுதத்தான் இப்பதிவு. நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் ஓர் எளிய உண்மை. சிரிப்பின் பெரும்பகுதி ஜெர்மன் சொல்லில் இல்லை, மொழிபெயர்ப்பாளரின் கைவேலையில் இருக்கிறது. 'ட்ஸான்ஃப்ளைஷ்' என்பதன் பின்பாதி தசையையும் குறிக்கும், இறைச்சியையும் குறிக்கும். 'பல்தசை' என்று எழுதினால் ஒருவரும் சிரிக்கமாட்டார். ஆகவே இறைச்சி தேர்ந்தெடுக்கப்படுகிறது. 'ஃபௌல்டியர்' என்றால் சோம்பல் விலங்கு என்று நகைக்கும் ஆங்கிலேயர் அதே விலங்கை 'ஸ்லாத்' என்கிறார்; அதன் பொருளும் சோம்பலேதான், அதுவும் கிறித்தவ மரபு பட்டியலிட்ட ஏழு பெரும்பாவங்களுள் ஒன்றான சோம்பல். ஆங்கிலத்தில் பட்டாம்பூச்சி 'வெண்ணெய் ஈ'. காலையுணவு 'நோன்பு முறிப்பு'. நாள்தோறும் நோன்பை முறித்துக்கொண்டிருப்பதை அவர்கள் அறிவதில்லை. அதுபோலவே கையுறை அணியும் ஜெர்மானியருக்குச் செருப்பு நினைவில் எழுவதில்லை. நாம் மட்டும் விதிவிலக்கா? மூக்குக்கண்ணாடி என்ற சொல்லைப் பிரித்து ஒரு ஜெர்மானிய நண்பரிடம் காட்டினேன்: மூக்கு, கண், ஆடி. இரண்டு உறுப்புகளையும் ஒரு நிலைக்கண்ணாடியையும் சேர்த்து நாங்கள் முகத்தில் மாட்டிக்கொள்வதாக அவர் புரிந்துகொண்டு வெகுநேரம் சிரித்தார்.

இரண்டாவது, ஆங்கிலம் தன் கூட்டுச்சொற்களைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் ஒளித்துவைத்திருக்கிறது. காண்டாமிருகத்தை ஜெர்மானியர் 'நாஸ்ஹோர்ன்', அதாவது 'மூக்குக்கொம்பு' என்று அழைப்பது வேடிக்கையாம். 'ரைனோசரஸ்' என்பதும் கிரேக்கத்தில் மூக்குக்கொம்புதான். நீர்யானை அவர்களுக்கு 'நைல்குதிரை'. 'ஹிப்போபொட்டமஸ்' என்றால் ஆற்றுக்குதிரை. ஆக்ஸிஜன் 'புளிப்புப்பொருள்' என்றால் சிரிப்பு வருகிறது. லவாய்சியே சூட்டிய கிரேக்கப் பெயருக்கும் அமிலத்தைப் பிறப்பிப்பது என்றே பொருள். தொலைக்காட்சிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஃபெர்ன்ஸேஹன்', 'தொலைநோக்கல்'. இதை வகுப்பில் சொன்னதும் ஒரு மாணவர் எழுந்து, "அது தூர்தர்ஷன் அல்லவா?" என்றார். ஆம், தூர்தர்ஷனேதான். செம்மொழிகளில் கடன் வாங்கினால் கலைச்சொல்; வீட்டுச்சொற்களைக் கொண்டு கட்டினால் கேலி. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டிருக்கும் நம்மவர் இந்த ஏளனத்தை நன்கறிவர்.

நீளத்தைப் பற்றிய நகைச்சுவையை விரைவாகக் கடந்துவிடலாம். 1880இல் வெளிவந்த தம் பயணநூலின் பிற்சேர்க்கையில் மார்க் ட்வெயின் அதைத் தொடங்கிவைத்தார். அதன்பின் வந்தவர் அனைவரும் அவரையே திருப்பிச் சொல்கின்றனர். 'ரிண்ட்ஃப்ளைஷெட்டிகெட்டீருங்ஸ்யூபர்வாகுங்ஸ்அவுஃப்காபன்யூபர்ட்ராகுங்ஸ்கெஸெட்ஸ்' என்று 63 எழுத்தில் ஒரு சட்டம் இருந்தது. பித்தப்பசு நோய் அச்சத்தின்போது 1999இல் மெக்லென்பூர்க்-ஃபோர்போமெர்ன் மாநிலம் இயற்றியது, 2013இல் நீக்கப்பட்டது. தமிழில் சொன்னால் 'மாட்டிறைச்சி அடையாளச்சீட்டுக் கண்காணிப்புப் பணி ஒப்படைப்புச் சட்டம்'. நமக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம் அரசாணைகளின் தலைப்பு இதைவிடக் குறுகியதாக எப்போதாவது இருந்ததுண்டா? வாலிலிருந்து படிக்கவேண்டும், கடைசிச் சொல்லே தலைமைச்சொல் என்பதைத் தமிழ் மாணவருக்குக் கற்பிக்கத் தேவையில்லை. ஆங்கிலமும் இதையே செய்கிறது, இடைவெளி விட்டுச் செய்கிறது. 'ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப் கன்டின்யுவேஷன் சர்ட்டிஃபிகேட்' என்பதை இடைவெளியின்றி எழுதிப் பாருங்கள். உதவித்தொகை தாமதமான மாதத்தில் அது 63 எழுத்துக்கும் கூடுதலாகவே தோன்றும்.

உண்மையான புதிர் நீளத்தில் இல்லை. இரண்டே சொற்கள் சேருமிடத்தில் இருக்கிறது.

'ஒலீவன்ஏல்' என்றால் ஒலிவப்பழத்திலிருந்து பிழிந்த எண்ணெய். 'பேபிஏல்' குழந்தையிடமிருந்து பிழிந்ததன்று. 'ஷ்வைனெஷ்னிட்ஸல்' பன்றியிறைச்சித் துண்டு. 'யேகர்ஷ்னிட்ஸல்' வேட்டைக்காரரின் இறைச்சியன்று, வேட்டைக்காரர் பாணியில் காளான் குழம்பு ஊற்றிப் பரிமாறப்படுவது. ஜெர்மனி செல்லும் மாணவர்கள் உணவகத்தில் முதலில் சந்திக்கும் இலக்கணச் சிக்கல் இதுவே. தேங்காயெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் இடையே நாம் தடுமாறாமல் நடமாடுவதைப் போலத்தான் அவர்களும் நடமாடுகின்றனர். தேங்காயிலிருந்து எடுப்பது ஒன்று, விளக்குக்கு ஊற்றுவது மற்றொன்று; விளக்கை எவரும் செக்கில் இடுவதில்லை. இரு சொற்களுக்கிடையே உள்ள உறவைச் சொல் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அதைக் கேட்பவர் தன் உலக அறிவிலிருந்து கொண்டுவந்து நிரப்புகிறார்.

இந்த இடத்தில் தமிழிலக்கணத்தைப் போலத் துணைநின்ற கருவி எனக்கு வேறில்லை. ஐரோப்பிய மொழியியலார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சமஸ்கிருதத்தின் சமாச வகைகளைக் கடன்வாங்கிக்கொண்டனர். பஹுவ்ரீஹி என்ற பெயர் இன்றும் ஜெர்மன் இலக்கண நூல்களில் காணக்கிடைக்கிறது. சிவப்புத் தொப்பி அணிந்த சிறுமியைத் தொப்பியின் பெயராலேயே அழைக்கும் 'ரோட்கேப்ஷன்' என்ற கதைப்பெயர் நமக்கு அன்மொழித்தொகை. ஆனால் தமிழ் தந்த பெயரே நுட்பமானது. நாம் இதைக் 'கூட்டு' என்னாமல் 'தொகை' என்றோம். தொகுதல் என்றால் இங்கே மறைதல். எது சேர்ந்தது என்பதைவிட எது மறைந்தது என்பதையே நம் இலக்கணம் வகைப்படுத்துகிறது. உருபு மறைந்ததா, பண்புருபு மறைந்ததா, உவம உருபு மறைந்ததா, 'உம்' மறைந்ததா? தேர்ப்பாகன் என்பதில் 'ஐ' மட்டுமா மறைந்தது? 'ஓட்டும்' என்ற வினையும் மறைந்திருக்கிறது. ஆகவே உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனனம் செய்த இத்தொடரை ஜெர்மன் வகுப்பில் கரும்பலகையில் எழுதி விளக்கியபோது, வங்காளத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் அதைத் தன் குறிப்பேட்டில் வங்க எழுத்தில் படியெடுத்துக்கொண்டார்.

வினைத்தொகை இன்னும் வியப்பு. 'ட்ரிங்க்வாஸர்' என்றால் குடிநீர். 'குடி' என்ற வினையடி, 'நீர்' என்ற பெயர். இரு மொழிகளிலும் ஒரே கட்டுமானம். குடித்த நீரா, குடிக்கின்ற நீரா, குடிக்கும் நீரா? காலம் மறைந்திருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எங்கே வெட்டுவது என்பதும் ஒரு தொல்லை. 'ஷ்டௌபெக்கன்' என்ற எழுத்துத்தொடரை ஓரிடத்தில் வெட்டினால் நீர்த்தேக்கம், ஓரெழுத்துத் தள்ளி வெட்டினால் தூசி படிந்த மூலைகள். 'ப்ளூமன்டொப்ஃபேர்டெ' என்பது பூத்தொட்டி மண். தவறாக வெட்டினால் 'ப்ளூமன்டோ' என்றொரு குதிரையினம் கிடைக்கும். அப்படியோர் இனம் உலகில் இல்லை, எனினும் ஜெர்மானியக் குழந்தைகள் அனைவருக்கும் அது அறிமுகம். உச்சரிக்கும்போது இக்குழப்பம் எழாது, ஏட்டில்தான். நம் உரையாசிரியர்கள் 'செம்பொன்பதின்றொடி' என்பதைக் காட்டிச் செம்பொன் பத்தா, செம்பு ஒன்பதா என்று கேட்டது இதே விளையாட்டு. பொற்கொல்லரிடம் கடன்சீட்டு எழுதியவருக்கு அது விளையாட்டாக இருந்திருக்காது.

பல்கலைக்கழக வாழ்வுக்குரிய சொற்களும் உண்டு; ஆய்வு மாணவர்களுக்காக ஓரிரண்டு. நெறியாளர் 'டொக்டர்ஃபாட்டர்', முனைவர்த் தந்தை. பெண்ணாயின் 'டொக்டர்முட்டர்', முனைவர்த் தாய். அலுவல் வழக்கில் இன்று வேறு சொல் இருப்பினும் பேச்சில் இவை வாழ்கின்றன. இவ்வுறவில் இருக்கும் அன்பையும் அதிகாரத்தையும் ஒருங்கே ஒப்புக்கொண்ட சொல் வேறெந்த மொழியிலும் எனக்குத் தென்படவில்லை. 'ஸிட்ஸ்ஃப்ளைஷ்' என்றால் 'உட்காரும் தசை': எழுந்து போகாமல் மணிக்கணக்கில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் ஆற்றல். 'ஃபாக்இடியோட்' தன் துறைக்கு அப்பால் எதுவுமறியாத வல்லுநர். இவ்விரண்டாம் சொல்லுக்கான பாதை முதற்சொல் வழியாகச் செல்கிறது என்பது என் அவதானிப்பு. இன்னொன்று: 'கிஃப்ட்' என்றால் ஜெர்மனில் நஞ்சு, 'மிட்கிஃப்ட்' என்றால் வரதட்சிணை. சொல்லின் வேர் கொடுத்தல் என்பதே. உடன் கொடுப்பது என்பதே மூலப்பொருள் என்று விளக்கினேன். "சொற்பிறப்பியல் எப்படியோ, சமூகவியல் சரியாக இருக்கிறது" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி. மறுத்துப் பேச என்னிடம் சான்று இல்லை.

இனி நான் சொல்ல வந்தது.

உறவை மறைத்து இரு சொற்களை மட்டும் காட்டும் வடிவம் நகைச்சுவைக்கு மட்டும் இடம்தருவதன்று. 1933 பிப்ரவரி 28 அன்று, ரைக்ஸ்டாக் எரிந்த மறுநாள், ஜெர்மனியில் அவசர ஆணை பிறப்பிக்கப்பட்டது. அதன்பின் 'ஷூட்ஸ்ஹாஃப்ட்' என்ற சொல் நாடெங்கும் பரவியது. ஷூட்ஸ், பாதுகாப்பு, ஹாஃப்ட், காவலில் அடைத்தல். 'பாதுகாப்புக் காவல்'. எவரை எவரிடமிருந்து பாதுகாப்பது? சொல் வாய்திறக்கவில்லை. வேற்றுமையுருபு தொக்கி நிற்கிறது. மக்களின் சினத்திலிருந்து கைதானவரைக் காப்பதற்கு என்றும் சொல்லிக்கொள்ளலாம். கைதானவரிடமிருந்து அரசைக் காப்பதற்கு என்றும் சொல்லிக்கொள்ளலாம். விசாரணையின்றி, நீதிபதியின்றி, கால எல்லையின்றி மனிதர்கள் அச்சொல்லுக்குள் வைத்துப் பூட்டப்பட்டனர். மார்ச் 22 அன்று டாகௌ முகாம் திறக்கப்பட்டது. பின்னாளில் வந்த 'ஸோண்டர்பெஹாண்ட்லுங்', 'சிறப்புக் கவனிப்பு', கொலையைக் குறித்தது. டிரெஸ்டனில் பேராசிரியராக இருந்து, யூதர் என்பதால் 1935இல் பதவி இழந்த விக்டர் கிளெம்பெரர் இத்தகைய சொற்களை நாட்குறிப்பில் மறைவாகத் தொகுத்து வந்தார். அவற்றிலிருந்து பிறந்த 'எல்.டி.ஐ.' என்ற நூல் 1947இல் வெளிவந்தது. அவர் பார்த்தது மொழியியலாளரின் சேகரிப்பாக மட்டும் அன்று. அடுத்து எந்தச் சொல் தன் வீட்டுக் கதவைத் தட்டும் என்று அஞ்சியிருந்தவரின் சேகரிப்பு அது.

நம் சட்டத்தில் 'தடுப்புக்காவல்' இருக்கிறது. அரசமைப்பின் 22ஆம் உறுப்பு அதற்கு இடமளித்து, சில வரம்புகளையும் விதிக்கிறது. இரண்டையும் ஒன்றெனச் சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. அது என் நோக்கமன்று. ஆனால் சொல்லின் வடிவத்தைக் கவனியுங்கள். எதைத் தடுக்க என்பது தொக்கி நிற்கிறது. மேலும் 'காவல்' என்ற தமிழ்ச்சொல் காப்பதையும் குறிக்கிறது, அடைப்பதையும் குறிக்கிறது. ஜெர்மானியர் இரு சொற்களைச் சேர்த்துச் சாதித்ததை நாம் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம்.

என் ஆய்வு இதைவிடச் சிறிய ஒரு சொல்லைச் சுற்றியது. 'காஸ்ட்டார்பைட்டர்': விருந்தாளித் தொழிலாளி. போருக்குப் பின் மேற்கு ஜெர்மனிக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும், வேறு பல நாடுகளோடும் ஆளெடுப்பு ஒப்பந்தங்கள் செய்துகொள்ளப்பட்டன. 'அயல்தொழிலாளி' என்ற பழைய சொல்லில் நாஜிக் காலத்துக் கறை படிந்திருந்தமையால் கனிவான புதுச்சொல் புழக்கத்துக்கு வந்தது. ஆங்கிலப் படங்களில் இச்சொல் இடம்பெறுவதில்லை. 'கெஸ்ட் வொர்க்கர்' என்று அவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டனர். எனக்கோ இதைவிட விந்தையான கூட்டுச்சொல் வேறில்லை. விருந்தாளியிடம் எந்த வீட்டார் வேலை வாங்குவர்? சுரங்கத்திலும் உருக்காலையிலும் இரவுப் பணி பார்க்கும் விருந்தாளி யார்? இரு சொற்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன. அவற்றைப் பிணைத்துவைத்திருப்பது சொல்லப்படாத ஒரு மூன்றாம் கருத்து: விருந்தாளி ஒருநாள் புறப்பட்டுப் போவார். 1973இல் ஆளெடுப்பு நின்றது. பலர் போகவில்லை. மனைவியும் மக்களும் வந்து சேர்ந்தனர், பேரக்குழந்தைகள் பிறந்தனர். சொல் மட்டும் வாசலில் நின்று, எப்போது புறப்பாடு என்று கேட்டுக்கொண்டேயிருந்தது. 1960களில் கேரளத்திலிருந்து மேற்கு ஜெர்மன் மருத்துவமனைகளுக்குச் சென்ற செவிலியரும், அப்படம் நகைக்கும் 'நோயாளிச் சகோதரி'கள், இவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

இங்கும் நாம் ஒதுங்கி நிற்க முடியாது. 'புலம்பெயர் தொழிலாளர்' என்று இதழ்களில் நாள்தோறும் எழுதுகிறோம். நல்ல தமிழ், மரியாதையான தொடர். ஆனால் அது வினைத்தொகை. குடிநீரில் மறைந்ததைப் போலவே இதிலும் காலம் மறைந்திருக்கிறது. பெயர்ந்தவரா, பெயர்கின்றவரா, இனிப் பெயரப்போகிறவரா? இருபதாண்டுக்கு முன் பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்து, பிள்ளைகளைத் தமிழ்வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டவரும் அச்சொல்லுக்குள் இன்னும் பெயர்ந்துகொண்டேயிருக்கிறார். வந்துசேர்ந்தவர் என்ற நிலையை இவ்வினைத்தொகை அவருக்கு வழங்குவதேயில்லை.

எமினெ ஸெவ்கி ஒஸ்டமார் 1946இல் துருக்கியின் மாலாட்யாவில் பிறந்தவர். 1965இல் மேற்கு பெர்லினில் தொழிற்சாலைப் பணிக்கு வந்தவர். பின்னர் நாடகத்துறைக்குச் சென்று, ஜெர்மனிலேயே எழுதத் தொடங்கி, 2022இல் கியோர்க் ப்யூக்னர் பரிசு பெற்றவர். 1990இல் வந்த அவருடைய முதற்கதைத் தொகுப்பின் பெயர் 'முட்டர்ட்ஸுங்கெ'. தாய்மொழிக்கு ஜெர்மனில் வழங்கும் சொல் 'முட்டர்ஷ்ப்ராகெ'. தாய் என்பதோடு மொழி என்பதைச் சேர்த்தது. ஒஸ்டமார் மொழியை எடுத்துவிட்டு நாக்கை வைத்தார். துருக்கியில் 'தில்' என்றால் நாக்கு, மொழி இரண்டுமாம். அதைச் சொல்லுக்குச் சொல் ஜெர்மனில் வைத்தபோது இதுவரை இல்லாத ஒரு கூட்டுச்சொல் பிறந்தது. ஜெர்மன் வாசகர் ஒரு கணம் திகைப்பார். தாய்மொழியை எங்கே தொலைத்தோம் என்று நினைவில் துழாவும் கதைசொல்லிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வாய்த்திராது. அகராதியில் இல்லாத, ஆனால் மொழியின் விதிகளுக்கு முற்றிலும் உட்பட்ட ஒரு சொல்லை விருந்தாளி செய்து மேசைமேல் வைக்கிறார். விருந்தோம்புபவர் அதை இலக்கணப்பிழை என்று சொல்லவும் முடியாது.

அத்தொகுப்பு 1994இல் ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலத்தில் தாய்மொழி என்பதே 'மதர் டங்', தாய்நாக்கு. ஆகவே மிகச் சரியாக மொழிபெயர்க்கப்பட்ட தலைப்பில் மூலத்தின் விந்தை முழுவதும் ஆவியாகிவிட்டது. கையுறையில் செருப்பைக் கண்டு சிரித்தவர் இத்தலைப்பைக் கண்டு புருவம்கூட உயர்த்தார். உருது அறிந்த என் அறைத்தோழருக்கும் இது விளங்கவில்லை. 'மாதரி ஸபான்' என்பதில் நாக்கும் மொழியும் ஒன்றே, இதில் திகைக்க என்ன இருக்கிறது என்றார்.

தமிழில் நிலைமை வேறு. நாம் நாக்கைத் தாயோடு சேர்ப்பதில்லை. தாயோடு சேர்வது மொழி. எனவே ஜெர்மானியர் அடைந்த திகைப்பை அப்படியே நம்மவருக்கும் தர இயலும். அக்கதையை என் ஆய்வேட்டின் பிற்சேர்க்கைக்காக மொழிபெயர்த்துவருகிறேன். தலைப்பில் 'தாய்நாக்கு' என்று எழுதிப் படித்துப்பார்க்கச் சில நண்பர்களுக்கு அனுப்பினேன். திரும்பிவந்த படிகளுள் ஒன்றில் அச்சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்கள்: 'தாய்மொழி என்றிருக்கவேண்டுமோ?'

வட்டத்தை அழித்துவிட்டேன். சொல்லை மாற்றவில்லை.